மெருகுக்குக் கொடுத்த சங்கிலி

வலது தோள்பட்டைக்குள் யாரோ உளியை வைத்துத் தட்டுவதுபோல் இருந்தது ரெஹானுக்கு. ஆறாவது குடத்தையும் அந்தத் தோளில்தான் வைத்திருந்தான். இடது தோள் ஆகாது. போன வருஷம் கிரானைட் பலகை சரிந்து எலும்பு விட்டுப்போன தோள் அது. முந்தின நாள் அடையாறில் ஒரு வீட்டுக்கு, நாலாவது மாடிவரை பதினெட்டுப் பலகை ஏற்றிவிட்டு, ஒட்டின கல்தூசியோடு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருந்தான். விடியற்காலை பாங்கு சொல்லும் நேரத்தில் அத்தா கரீமுல்லா கண்ணை மூடிவிட்டார்.

திருவல்லிக்கேணியில் அந்தக் கட்டடத்துக்கு மோட்டார் எரிந்து நாலு நாளாகிறது. அத்தாவின் மையத்தைக் குளிப்பாட்டத் தெருக்கோடி அடிபம்பிலிருந்துதான் தண்ணீர் தூக்க வேண்டியிருந்தது. மாடிப்படி ஒரு ஆள் அகலம். படியின் அடியில் ஒரு அம்மாள் நின்றுகொண்டிருந்தாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். கழுத்தில் புது மஞ்சக்கயிறு. கையில் மடித்துச் சுருட்டிய மருந்துக்கடைக் கவர்.

"நீதான தம்பி பாயோட பையன்?"

"ஆமா. பொம்பளைங்கல்லாம் மேல கீறாங்க, போங்க."

"துக்கம் கேக்க வரல தம்பி. இது இன்னான்னு கேக்க வந்தேன்."

கவரைப் பிரித்துக் காட்டினாள். உள்ளே ஒரு சங்கிலி, பளபளவென்று மின்னியது.

"போன மாசம் மெருகு போடக் குடுத்தேன். நாலு பவுன், தாலிச் செயினு. கொக்கி ஒடஞ்சிருந்துச்சு, புதுசு வெக்கச் சொன்னேன். பாய் திருப்பிக் குடுத்தது இது. இது தங்கம் இல்ல."

குடத்திலிருந்து தண்ணீர் சிந்தி அவன் முதுகில் வழிந்தது.

"எங்கத்தா காலையில மௌத்தாயிட்டாரு."

"தெரியும். டீக்கடையில சொன்னாங்க. அதனாலதான் ஓடியாந்தேன்."

ரெஹானுக்குச் சுருக்கென்றது. செத்தவன் வாயைத் திறந்து இல்லை என்று சொல்லமாட்டான். அதைக் கணக்குப் போட்டு வந்திருக்கிறாள். மயிலாப்பூர்க் குளத்தை ஒட்டிய சந்தில், ஒரு படிக்கட்டுக்கு அடியில் முப்பது வருஷம் உட்கார்ந்து முலாம் பூசியவர் அத்தா. பித்தளைக்குத் தங்க முலாம், தங்கத்துக்கு மெருகு. ரெண்டுக்கும் அதே சட்டி, அதே ஸ்டூல், அதே கை. பள்ளிக்கூடத்தில் ரெஹானை "டேய் கவரிங்கு" என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தப் பேச்சுக்குப் பயந்துதான் அவன் கல் சுமக்கப் போனான். கல்லுக்கு முலாம் கிடையாது.

"இன்னைக்கித்தான் உனக்குத் தெரிஞ்சுதா?"

"வாங்கிக் கழுத்துல போட்ட அன்னிக்கே தெரிஞ்சிது. இருவது வருசமா அதைச் சொமந்த கழுத்து தம்பி. கனம் இல்ல. சேட்டு கடையில மிஷின்ல வெச்சுப் பாத்து, பித்தளன்னு கையில குடுத்துட்டாரு. மறுநாள் வந்தா கடை மூடிக்கீது, பாய் ஆஸ்பத்திரியில. ரெண்டு தபா ஆஸ்பத்திரி வாசல்வரிக்கும் வந்தேன். சீக்காளிகிட்ட இன்னான்னு கேக்கறதுன்னு திரும்பிட்டேன்."

"பேரு இன்னா?"

"ஷண்முகப்ரியா. மந்தவெளியில நாலு வீட்டுல சமைக்கிறேன்."

"குடு. மேல எங்க அக்கா கீது, உரசிப் பாக்கும்."

அவள் கவரைச் சுருட்டி முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். "செயின் என் கைய வுட்டுப் போவாது. நானும் வரேன்."

பித்தளை என்று தானே சொல்லும் சங்கிலியை அவள் அப்படிப் பிடித்துக்கொண்டாள்.

மேலே இரண்டே அறை. உள்அறையில் அத்தாவைக் கிடத்தியிருந்தார்கள். அம்மா ஜைதூன் பீயைச் சுற்றிப் பெண்கள் உட்கார்ந்து யாசீன் ஓதிக்கொண்டிருந்தார்கள். மஞ்சக்கயிறு போட்ட ஒருத்தி மகனுக்குப் பின்னால் நேரே சமையல்கட்டுக்குப் போவதைப் பார்த்ததும் அம்மா ஓதலை நிறுத்தினாள்.

"யாருடா அது?"

"கடைக்கு வர்றவங்கம்மா."

"கடைக்கு வர்றவளுக்கு வீட்ல இன்னா வேலை? உங்கத்தாவுக்கும் அவளுக்கும் இன்னா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா, நீ ஓது."

அம்மாவின் கண் சமையல்கட்டு வாசலிலேயே நின்றது. உதடு மட்டும் ஓதியது.

அக்கா இஃப்ரா அடுப்பில் இலந்தை இலை போட்டுத் தண்ணீர் கொதிக்க வைத்திருந்தாள். கண் வீங்கியிருந்தது. புருஷன் விட்டுப் போனபின் ஆறு வருஷமாக அத்தாவோடு கடையில் உட்காருகிறவள் அவள். ரெஹான் விஷயத்தைச் சொன்னான். அவள் பரணிலிருந்து அத்தாவின் தகரப்பெட்டியை இறக்கினாள். உள்ளே கறுப்பு உரைகல், அரம், ஆசிட் பாட்டில், நூல்கண்டு இரண்டு.

சங்கிலியை முதலில் லேசாகக் கல்லில் தேய்த்தாள். மஞ்சள் கோடு விழுந்தது. கண்ணாடிக்குச்சியால் ஆசிட் தொட்டு வைத்தாள். கோடு அப்படியே நின்றது.

"பாத்தியா," என்றான் ரெஹான். "தங்கம்தான் கீது. இன்னா கதை வுட்ற நீ?"

"இருடா. அது மேல இருக்கிற முலாம்," என்றாள் இஃப்ரா. கொக்கிக்குப் பக்கத்து வளையத்தில் அரத்தை வைத்து நாலு இழுப்பு இழுத்தாள். அராவிய இடத்தை மறுபடி கல்லில் அழுத்தித் தேய்த்தாள். இந்தக் கோடும் மஞ்சள்தான். ஆசிட் பட்டதும் பச்சையாகப் பொங்கி, துடைத்துவிட்டதுபோல் காணாமல் போனது.

ஷண்முகப்ரியா நிலையைப் பிடித்துக்கொண்டு அந்தக் கல்லையே பார்த்தாள். சேட்டுக் கடையில் ஒரு தடவை கேட்டதை இன்னொரு தடவை கேட்கிற முகம்.

"சரி, பித்தளை," என்றான் ரெஹான். அவன் குரல் கொஞ்சம் தெளிந்திருந்தது. "இப்ப இன்னா ஆச்சு? நீ பித்தளையைக் குடுத்திருப்ப, அவரு பித்தளையைத் திருப்பிக் குடுத்திருப்பாரு. தங்கம் குடுத்தேங்கறதுக்கு இன்னா சாட்சி?"

"தாலிச் செயின குடுக்கறதுக்கு ஊரைக் கூட்டிக்கினா வருவாங்க? முப்பது வருசமா அந்தப் படிக்கட்டுல உக்காந்துக்கினு இருந்தாரு. அதான் சாட்சி."

"அதையே நானும் சொல்றேன். முப்பது வருசத்துல ஒருத்தர் வந்து கேட்டதில்ல."

"நான் குடுத்தது கவரிங்கா இருந்தா, அதுக்கு நான் ஏன் தம்பி மஞ்சக்கயிறு கட்டிக்கினு நிப்பேன்? எங்கூட்டுக்காரருக்கு இன்னும் தெரியாது. மெருகுல கீதுன்னு சொல்லி வெச்சிருக்கேன்."

சத்தம் கேட்டு அஃப்தாப் சாச்சா உள்ளே வந்தார். அத்தாவின் தம்பி. மையத்துக்குச் சுற்றும் கஃபன் துணியை அளந்து கிழித்துக்கொண்டிருந்த கத்தரிக்கோல் இன்னும் அவர் கையில் இருந்தது. ஒரு நிமிஷம் கேட்டுவிட்டு, "அம்மா, மையத்து வெச்சிருக்கிற வீடு இது. பகல் தொழுகைக்குத் தூக்கணும். கீழ போய் நில்லு, எல்லாம் முடியட்டும், அப்புறம் பேசிக்கலாம்," என்றார்.

"முடிஞ்சப்புறம் யாரு பேசுவாங்க?" என்றாள் அவள். ஆனாலும் சங்கிலியை வாங்கிக் கவரில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனாள்.

"பள்ளிவாசல்ல நீ சொல்ல வேண்டியத மனப்பாடம் பண்ணிட்டியா?" என்று சாச்சா ரெஹானைக் கேட்டார். "எங்கத்தா யாருக்காவது கடன்பட்டிருந்தா எங்கிட்ட வந்து கேளுங்க, நான் பொறுப்பு. அவ்ளோதான். எல்லா மையத்துக்கும் சொல்றதுதான். எவனும் வந்து கேக்க மாட்டான். இவ நம்ம ஜமாஅத் இல்ல, இவளை உட்டுடு."

அவர் போனதும் இஃப்ரா உரைகல்லைத் துடைத்துப் பெட்டியில் வைத்தாள். பெட்டியின் அடியில் விரித்திருந்த பழைய காலண்டர் தாள் ஒரு ஓரத்தில் மேடாக இருந்தது. அதைத் தூக்கிப் பார்த்தாள். மாத்திரை அட்டையிலிருந்து உரித்த வெள்ளிக் காகிதத்தில் ஒரு சின்னப் பொட்டலம். மேலே பால்பாயிண்டில் அத்தாவின் நடுங்கின எழுத்து: 'பிரியாம்மா. சமையல்.'

வெட்டி எடுக்கிற துண்டு எவ்வளவு பொடியாக இருந்தாலும் பொட்டலம் கட்டி, பொருளோடு சேர்த்துக் கொடுத்துவிடுவார் கரீமுல்லா. ஒரு குண்டுமணி தங்கம் கடையில் தங்கினால் நாளைக்கு நாக்கு மேல் பல்லுப் போட்டுப் பேசுவார்கள் என்பார். இதைக் கொடுக்க மறந்திருக்கிறார்.

இஃப்ரா பிரித்தாள். ஒடிந்த கொக்கி. பக்கத்தில் அரிசி அளவு தகடு, அதில் 916. அவள் கல்லில் தேய்த்தாள். ஆசிட் வைத்தாள். காத்திருந்தாள். இன்னொரு துளி வைத்தாள்.

கோடு போகவில்லை.

ரெஹான் சமையல்கட்டுக் கதவைச் சாத்தினான்.

"ஆஸ்பத்திரிக்கு முப்பத்தெட்டாயிரம் கட்டுனியே. ஏது?" என்றான்.

இஃப்ரா அவனை நிமிர்ந்து பார்த்தாள். "சீட்டு எடுத்தேன். வேணும்னா கீழ்வீட்டு மணிமொழி அக்காவைப் போய்க் கேளு, அவங்ககிட்டதான் கட்றேன். நீ போன மாசம் பைக்குக்கு டியூ மொத்தமா முடிச்சியே, அது ஏது?"

"மேஸ்திரி அட்வான்ஸ் குடுத்தாரு."

"குடுத்திருப்பாரு."

கொதிக்கிற தண்ணீர் பாத்திரத்தின் மூடியைத் தூக்கித் தூக்கிப் போட்டது. ரெண்டு பேரும் அதை இறக்கி வைக்கவில்லை.

"அத்தா எடுத்திருப்பாருங்கற?" என்றான் ரெஹான், குரலைத் தாழ்த்தி.

இஃப்ரா பெட்டியிலிருந்து நூல்கண்டு இரண்டையும் எடுத்துத் தரையில் வைத்தாள். ஒன்று சிவப்பு, ஒன்று கறுப்பு. "சட்டியில முக்குறதுக்கு முன்னாடி தங்கத்துக்குச் சிவப்பு நூல் கட்டுவாரு, கவரிங்குக்குக் கறுப்பு. முக்கி எடுத்தா ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும், நூலப் பாத்துத்தான் பிரிக்கணும். கண்ணுல புரை வந்ததுலேர்ந்து ரெண்டும் அவருக்குக் கறுப்பாத்தான் தெரிஞ்சிது. சக்கரையில விரலும் மரத்துப் போச்சு. கையில தூக்கிப் பாத்தாலும் கனம் தெரியாது. எங்கிட்டதான் கேப்பாரு. இஃப்ரா, இது சிவப்பான்னு."

"நீ பாத்து சொன்னியா?"

அவள் நூலைத் திரும்பச் சுற்றத் தொடங்கினாள். "ஒரு நாளைக்கு இருவது வாட்டி கேட்டா? நான் ஒரு பக்கம் கஸ்டமர்கிட்ட பேசிக்கினு, ஒரு பக்கம் ஃபோனு. ஆமாத்தா, ஆமாத்தான்னுவேன். திரும்பிப் பாத்து சொன்னது எத்தினி, பாக்காம சொன்னது எத்தினின்னு எனக்குத் தெரியாது."

"அப்ப அந்த செயினு?"

"எவளோ கவரிங் குடுத்தவ கழுத்துல. ஐநூறு ரூபா செயினுன்னு நெனச்சு, நாலு பவுனைப் போட்டுக்கினு பஸ்ல போய்க்கினு இருப்பா. இல்ல, தெரிஞ்சுக்கினு கம்முனு இருப்பா." நூல்கண்டைப் பெட்டியில் போட்டாள். "இல்ல அத்தாவே எடுத்திருப்பாரு. எனக்குத் தெரியாதுடா."

ரெஹான் கொக்கியை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான். ஊதினால் பறந்துவிடும். இதை ஜன்னல் வழியாக விட்டெறிந்தால், கீழே சாக்கடை. அப்புறம் கீழே நிற்கிறவளிடம் ஒரு பித்தளைச் சங்கிலியும் வாய்ப்பேச்சும் மட்டும்தான் மிஞ்சும். பவுன் ஒரு லட்சத்தை எட்டி நிற்கிறது. அவனுக்கு ஒரு நாளைக்கு ஆயிரம், அதுவும் லோடு வந்தால், எலும்பு விடாமல் இருந்தால்.

"இது நம்ம ரெண்டு பேருக்குத்தான் தெரியும்," என்றான்.

"ஆமா. தெரியும்ல," என்றாள் இஃப்ரா. தண்ணீரை இறக்கினாள்.

குளிப்பாட்டும்போது சாச்சா தண்ணீர் ஊற்ற, ரெஹான் தேய்த்தான். வலது பக்கம் முதலில். அத்தாவின் விரல் நுனிகளில் ஆசிட் தின்ற மஞ்சள் தழும்புகள். டாக்டர் ஒரு தடவை அந்த விரல்களில் குண்டூசியால் குத்திக் குத்திக் கேட்டார், தெரியுதா, தெரியுதா என்று. அத்தா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, குத்துங்க டாக்டர் என்றார். டாக்டர் அதற்குள் எட்டு தடவை குத்தி முடித்திருந்தார். அந்தக் கையை விரித்து, ஒவ்வொரு விரலிடுக்காகத் தேய்த்தான் ரெஹான். உள்ளங்கையைப் புரட்டிப் பார்த்தான். எடுத்தியா, மாத்திக் குடுத்துட்டியா? பல்லைக் கடித்துக்கொண்டு மனசுக்குள் கேட்டான். திருடனின் கையும் தடுமாறினவனின் கையும் ஒரே மாதிரிதான் இருந்தன. கற்பூரத் தண்ணீர் அதன் மேல் வழிந்து போனது.

"சீக்கிரம்டா," என்றார் சாச்சா. "கையிலயே எவ்ளோ நேரம்?"

மையத்தைச் சந்தூக் பெட்டியில் ஏற்றிப் பள்ளிவாசலுக்குக் கொண்டுபோனபோது ஷண்முகப்ரியா பின்னாலேயே வந்தாள். தோள் மாற்றித் தோள் மாற்றி நடக்கிற ஆண்களுக்குப் பத்தடி தள்ளி, சுவரை ஒட்டி. பள்ளியின் கேட்டுக்கு வெளியே நூறு ஜோடிச் செருப்புக்குப் பக்கத்தில் நின்றுகொண்டாள். போய்விடுவாள் என்று இரண்டு தடவை திரும்பிப் பார்த்தான் ரெஹான். போகவில்லை.

பகல் தொழுகை முடிந்தது. மையத்தை முன்னால் வைத்தார்கள். தொழவைக்கும் ஹஜ்ரத் ரெஹானைப் பார்த்துத் தலையசைத்தார்.

அவன் எழுந்து ஜமாஅத்தைப் பார்த்துத் திரும்பினான். பின்வரிசைகளில் சிலர் அதற்குள் மையத்துத் தொழுகைக்கு நேராக நிற்கத் தொடங்கியிருந்தார்கள். இந்தப் பேச்சை அவர்கள் நூறு தடவை கேட்டிருக்கிறார்கள்.

"எங்கத்தா கரீமுல்லா யாருக்காவது கடன்பட்டிருந்தா..." என்று ஆரம்பித்தான். அதற்கு மேல் மனப்பாடம் பண்ணியது வரவில்லை. முன்வரிசையில் சாச்சா உதட்டை அசைத்து எடுத்துக் கொடுத்தார். அவன் அவரைப் பார்க்கவில்லை.

"பட்டிருக்காரு," என்றான். "மெருகுக்கு வந்த ஒரு தாலிச் செயினு. நாலு பவுன். மாத்திக் கவரிங் குடுத்துட்டாரு. தெரிஞ்சு குடுத்தாரா தெரியாமக் குடுத்தாரா எனக்குத் தெரியாது. அதோட ஒடஞ்ச கொக்கி எங்கூட்லதான் கீது, உரசிப் பாத்தாச்சு, தங்கம். அந்தம்மா கேட்டுக்கு வெளிய நிக்கறாங்க. அத நான் குடுக்கணும்."

நேராக நின்றவர்கள் எல்லாரும் வாசல் பக்கம் திரும்பினார்கள்.

சாச்சா அவன் சட்டையைப் பிடித்து இழுத்து, "மையத்த முன்னாடி வெச்சுக்கினு உங்கப்பன் மானத்த வாங்கறியேடா," என்றார் பல்லுக்கிடையில்.

பள்ளி நிர்வாகி ஃபராஸ் பாய் பெரிய மனுஷர், எந்தச் சிக்கலையும் நொடியில் முடிக்கிறவர். அவர் வேகவேகமாகக் கேட்டுக்குப் போனார். நாலு பேர் கூடப் போனார்கள். ரெஹானும் போனான்.

"அம்மா, நல்லா இருப்பே," என்றார் ஃபராஸ் பாய். "ஒரு மனுஷன் மண்ணுக்குள்ள போகப் போறாரு. மன்னிச்சுட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிடு. அவரு பாரம் இல்லாமப் போவாரு. பையன் அப்புறம் அவனால ஆனதச் செய்வான்."

"ஒரு வார்த்தைம்மா," என்றார் இன்னொருவர். "அதுல உனக்கு இன்னா கொறஞ்சிடப் போவுது?"

"புண்ணியமாப் போவும்," என்றார் மற்றொருவர்.

ஷண்முகப்ரியா தலையை முந்தானையால் மூடியிருந்தாள். அத்தனை ஆண்களுக்கு நடுவில் ஒடுங்கி நின்றவள், ஒவ்வொருத்தர் முகமாகப் பார்த்தாள்.

"பாய் மேல எனக்குக் கோவம் இல்லைங்க. நல்ல மனுஷன். ஒரு தபா காசு இல்லன்னு சொன்னப்போ சும்மாவே மெருகு போட்டுக் குடுத்தாரு," என்றாள். "ஆனா மன்னிச்சுட்டேன்னு நான் சொல்லிட்டா, அத்தோட அது போச்சு. நாலு வீட்டுல கரண்டி புடிச்சுச் சேத்தது. நான் சொல்ல மாட்டேன்."

"இன்னாம்மா இது, கல்லு மனசா இருக்கியே?"

"ஆமாங்க," என்றாள். "கல்லு மனசுதான்."

ஃபராஸ் பாய் வாயைத் திறந்தார். "வேணாம் பாய், கேக்காதீங்க," என்றான் ரெஹான். "நேரம் ஆவுது."

தொழுகை நின்றபடியே நடந்தது. நாலு தக்பீர், அவ்வளவுதான். சலாம் கொடுத்ததும் ஆட்கள் சந்தூக்கைத் தூக்கினார்கள். கேட்டில் செருப்பு தேடுகிற நெரிசல். அவள் சுவரோடு ஒட்டி நின்று வழி விட்டாள். சந்தூக் தாண்டும்போது கும்பிட்டாள்.

ரெஹான் கடைசியில் வந்தான். அவள் முன்னால் ஒரு நொடி நின்றான்.

"பணமா வேணாம் தம்பி," என்றாள். "ரேட்டு ஏறிக்கினே போவுது. செயினாவே குடு."

"சரி."

"எத்தினி வருசம் ஆனாலும்."

"சரி."

"நாலு பவுன்."

"நாலு பவுன்," என்றான் ரெஹான்.

முன்னால் போனவர்கள் அவனுக்காக நிற்கவில்லை. சந்தூக் தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்தது. அவன் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினான். ஷண்முகப்ரியாவுக்குத் தர வேண்டியது நாலு பவுன்.